சந்தேகம் எழுதும் பக்கம்

அக்கா என்றுதான் அவன் கூப்பிட்டான், அதில் பவளராணிக்குச் சந்தேகமே இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு முன் அவர்களை உள்ளே அழைக்கக் கதவைத் திறந்தபோது, நீல நாற்காலி வரிசையில் நடுவில் ஒன்றை வெறுமையாக விட்டு இருந்த இரண்டு பேரில் அவன் எழும்பி, மூலையிலிருந்த தண்ணீர்க் குடுவையைக் காட்டி, "அக்கா, தண்ணி எடுத்துக்கொண்டு வரட்டே?" என்று மற்றவளைக் கேட்டான். "வேண்டாம், நீர் இரும்" என்றாள் அவள். அவ்வளவுதான் நடந்தது. லண்டனின் மேற்கு ஓரத்திலிருக்கும் இந்த நகரசபைக் கட்டடத்தில் வேறு யார் காதில் அது விழுந்திருந்தாலும், யாரோ இரண்டு பேர் தங்கள் மொழியில் ஏதோ பேசிக்கொண்டார்கள் என்று போயிருக்கும். விழுந்தது பவளராணியின் காதில். பத்தொன்பது வருடமாக இங்கே பிறப்பும் இறப்பும் கலியாணமும் பதிகிறவள், இந்த மாடியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள். கட்டப்போகிறவளை அக்கா என்று கூப்பிடுகிற மாப்பிள்ளை. இனி அந்தச் சொல்லை என்ன செய்வது? காதுக்குள் போனதைத் திரும்பி எடுத்து வெளியே போட வழியில்லையே. மேசையில் கணினி திறந்தபடி இருந்தது. கேள்விகளும் பதில்களும் பதிந்து முடிந்துவிட்டன, மிச்சம் கடைசிப் பக்கம் ஒன்றுதான். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், பதிவாளருக்கு எழுந்த சந்தேகம், இருந்தால். அதற்குக் கீழே பெரிய வெள்ளைக் கட்டம். அதற்கும் கீழே, இல்லை என்று ஒரு சின்னப் பொத்தான். பன்னிரண்டு மணிக்கு அடுத்த சோடி வரும். அதற்கு முன் கட்டத்தில் எழுதவேண்டும், அல்லது பொத்தானை அழுத்தவேண்டும். சுவர் மணிக்கூடு பதினொன்று இருபத்தைந்து காட்டியது.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பக்கம் இருக்கவில்லை. கலியாணம் கட்ட விரும்புகிறவர்கள் வந்து அறிவித்தல் கொடுப்பார்கள், அது இருபத்தெட்டு நாள் வெளியே தொங்கும், யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் கலியாணம். அந்த நாளில் மணமக்களிடம் அவள் கேட்ட கடினமான கேள்வி, பூ வைக்கச் சாடி நீங்களே கொண்டுவருகிறீர்களா என்பதுதான். பிறகு வெளியிலிருந்து வருகிற ஆட்களைக் குறைக்கவேண்டும் என்று மேலே இருப்பவர்கள் தீர்மானித்தார்கள். விமான நிலையத்தில் நிற்கிற அதிகாரிகள் மட்டும் போதாது என்று கண்டார்கள் போல. வங்கியில் கணக்குத் திறக்கிற பிள்ளை விசாவைக் கேட்டது. வீட்டை வாடகைக்கு விடுகிறவன் கேட்டான். கார் ஓட்டச் சாரதி அனுமதிப் பத்திரம் கொடுக்கிற கந்தோர் கேட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறவனின் கட்டிலடிக்கு ஒருத்தி பத்திரத்தோடு வந்து கேட்டாள். ஒவ்வொரு கந்தோராகச் சுற்றி வந்து, கடைசியில் கலியாணம் பதிகிறவளும் கேட்கவேண்டும் என்றாயிற்று. சோடியில் ஒருவர் வெளிநாட்டுக்காரர் என்றால் விபரம் எப்படியும் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகும், ஆனால் கூடவே போகிற பதிவாளரின் பக்கத்தைத்தான் அங்கே முதலில் புரட்டுவார்கள். அது வெறுமையாகப் போனால் பெரும்பாலும் பழைய இருபத்தெட்டு நாள்தான். எழுதிப் போனால் எழுபது நாள், வீட்டுக்கு ஆள், விசாரணை. வெளியே இருக்கிற மாப்பிள்ளை கஜீபனின் விசா முடிய இன்னும் ஐம்பத்தொரு நாள். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவன் படித்த கல்லூரியின் அனுமதியை அரசாங்கம் எடுத்துவிட்டது, அங்கே படித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது. அதைக் கூட அவன் மடித்துக் கொண்டுவந்து, கேட்காமலே மேசையில் வைத்தான். கள்ளம் உள்ளவன் அதைக் காட்டுவானா? கள்ளம் உள்ளவன்தான் கேட்கமுன்னமே காட்டுவான் என்றும் சொல்லலாம். பத்தொன்பது வருடத்தில் அவளுக்கு இரண்டு வாயும் வந்துவிட்டது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும் என்பது விதி. முதலில் மெர்லினை எடுத்தாள். மெர்லின் குரூஸ், வயது முப்பத்தெட்டு, மன்னார் ஆள், இங்கே வந்து பதினைந்து வருடம், பிரஜாவுரிமை உண்டு, முதலாவது கலியாணம் நீதிமன்றத்தில் முறிந்தது, முதியோர் இல்லமொன்றில் வேலை. அவனைவிட ஒன்பது வயது கூட. வேலைச் சட்டையின் மேல் ஒரு கறுப்புக் கம்பளிச் சட்டை போட்டு, பித்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். கேள்விகள் ஆங்கிலத்தில்தான் கேட்கவேண்டும், பதிலும் அதில்தான். அவர் எந்த மாதம் பிறந்தவர்? ஆகஸ்ட், என்றாள். கடவுச்சீட்டில் ஜனவரி பதினேழு. அவருடைய தாயாரின் பெயர்? மெர்லின் சிரித்துவிட்டாள். "மாமி எண்டு கூப்பிட்டுத்தான் ஃபோனில கதைச்சனான், பேர் என்னெண்டு ஆரும் கேப்பினமே?" என்று தமிழில் வாய்க்குள் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில், தெரியாது என்றாள். தெரியாது என்பதைத்தான் பவளராணி பதிந்தாள். எங்கே சந்தித்தீர்கள்? அவன் பகுதிநேரமாக நின்ற மீன் கடையில். கஜீபனிடம் கேட்டபோது, பஸ்ஸில் என்றான், கடையில் கண்டதுதான், ஆனால் பஸ்ஸில்தான் முதல் கதைத்தது. கலியாணத்தைப் பற்றி முதலில் கேட்டது யார்? நான், என்றாள் மெர்லின். நான்தான், என்றான் கஜீபன். யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருந்தால் இதிலாவது ஒத்துப்போயிருப்பார்கள். பிறந்த மாதம் ஏன் பொருந்தவில்லை என்று பவளராணி அவனிடம் கேட்காமலே விட்டுவிட்டாள், கேட்டிருந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் கூட்டிக் குறைத்துச் சொன்ன கதை ஒன்று வந்திருக்கும், அவளுடைய சொந்தச் சகோதரர்கள் மூன்று பேருக்கும் அப்படிக் கதை இருக்கிறது. ஆனால் கட்டத்துக்குள் எழுதும்போது இதெல்லாம் எப்படி நிற்கும்? பிறந்த திகதி தெரியாது. மாமியாரின் பெயர் தெரியாது. சந்தித்த இடம் பொருந்தவில்லை. வயது வித்தியாசம் ஒன்பது. விசா ஐம்பத்தொரு நாள். இவ்வளவும் போதும். இதற்கு மேல் அக்காவும் வேண்டுமா?

கோப்பை மூடும்போது மெர்லின் எழும்பவில்லை. இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, தமிழில் கதைத்தாள்.

"நீங்கள் தமிழ் எண்டு பேரிலயே தெரியுது. ஒண்டு சொல்லட்டே? எழுதினாலும் எழுதுங்கோ. அவரை எனக்கு இன்னும் வடிவாத் தெரியாது. நல்ல பிள்ளை எண்டு தெரியும். முதல் கட்டினவனை எனக்கு ஆறு வருசம் தெரியும், கட்ட முதல் தெரியும், அவன்ர ஊர் முழுக்கத் தெரியும். தெரிஞ்சு என்னத்தைக் கண்டன்? இவரை அறியிறதுக்கு நாள் வேணும். அந்த நாளைத்தானே தரமாட்டம் எண்டுறாங்கள்."

அதற்குப் பதிவாளர் பதில் சொல்லக்கூடாது. பவளராணி, அடுத்தவரை அனுப்புங்கோ என்று மட்டும் சொன்னாள், அதையும் தமிழில் சொன்னோமே என்று பிறகுதான் உறைத்தது.

அறிவதற்கு நாள் வேண்டும். எண்பத்தெட்டாம் வருடம் தை மாதம் ஹீத்ரோவில் இறங்கியபோது, தான் கட்டப்போகிற நித்தியானந்தனைப் பற்றி அவளுக்கு என்ன தெரிந்திருந்தது? ஒரு படம். மார்புவரை எடுத்த படம், கோட்டும் கழுத்துப்பட்டியும். கணக்காளர் என்று தரகர் சொன்னார், அவளுடைய தகப்பன் அப்பு நம்பினார், அவளும் நம்பினாள். குடிவரவு மேசையில் இருந்தவன் செம்பட்டை மயிர்க்காரன், தடித்த விரல்கள், விரலில் பேனை மை. உன்னைக் கட்டப்போகிறவர் என்ன வேலை செய்கிறார்? கணக்காளர். அவன் ஒரு தாளைப் பார்த்தான். தாளில், பெற்றோல் செட்டில் பெற்றோல் அடிக்கிற வேலை என்று இருந்தது. அவள் நெஞ்சு அடித்த அடியை இன்றைக்கும் கை வைத்துப் பார்க்கலாம் போலிருக்கிறது. இருபத்திரண்டு வயது, சேலைக்கு மேல் சின்னம்மாவின் மகளிடம் வாங்கிய ஸ்வெட்டர், காலில் செருப்பு, விரல்கள் மரத்துப்போய் இருந்தன. அவன் எவ்வளவு உயரம்? தெரியாது. எத்தனை தடவை சந்தித்திருக்கிறாய்? சந்தித்ததில்லை. அவன் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். அவன் எழுதியிருக்கலாம். எழுதுவதற்குரிய எல்லாம் அவனிடம் இருந்தது, அதிகாரமும் இருந்தது, பின்னால் வரிசையும் இருந்தது, திருப்பி அனுப்பியிருந்தால் அவனை யார் கேட்டிருக்கப்போகிறார்கள்? முத்திரையை எடுத்துக் குத்தினான். ஏன் குத்தினான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை வேலை நேரம் முடிந்திருக்கும். ஒருவேளை சாப்பாட்டு நேரம். நல்ல மனம் என்று நினைக்கத்தான் ஆசை, ஆனால் அந்த முகத்தில் அப்படி எதையும் கண்ட ஞாபகம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. வெளியே வந்தால் சனம். படத்தில் இருந்தவரை எங்கும் காணவில்லை. காற்சட்டையும் தொப்பியுமாக மெலிந்த ஒருவர் அவளுடைய பேர் எழுதிய அட்டையோடு நின்றார், அனுப்பிவைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டு அவள், "அண்ணை, இந்தப் பெட்டியை ஒருக்காப் பிடிக்கிறியளே?" என்றாள். அவர் பெட்டியைப் பிடித்தார். கார் நிற்கும் இடம்வரை ஒன்றும் சொல்லாமல் வந்து, பெட்டியை ஏற்றிவிட்டு, தொப்பியைக் கழற்றி, "அண்ணை இல்லை, நான்தான்" என்றார். முப்பத்திரண்டு வருடம் அந்தக் கதையை அவர் விடவேயில்லை. கோபம் வந்தால், சரி தங்கச்சி என்பார். பிள்ளையின் பட்டமளிப்பு நாளில் படம் எடுக்க நின்றபோதும் காதுக்குள், தங்கச்சி கொஞ்சம் இந்தப் பக்கம் என்றார். பவளராணிக்கு இப்போது சிரிப்பு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கஜீபன் நிமிர்ந்து பார்த்ததும் அவள் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக்கு மேல் அறை. அதே மாடித் தட்டில் நாலு பெடியங்கள் வேறொரு அறையில், ஒரே குசினி, கதவில் யார் எந்த நேரம் சமைப்பது என்று ஒட்டிய தாள். நித்தி காலைமுதல் மாலைவரை பெற்றோல் செட்டில் நின்றுவிட்டு வருவார், கையில் அந்த மணம். எவ்வளவு கழுவினாலும் போகாது. முதல் கிழமை அவளுக்கு ஓங்காளித்தது, இரண்டாம் மாதம் அந்த மணம் படியேறி வருகிறதா என்று கதவடியில் நின்று பார்த்தாள். இந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது? எவரும் கேட்டால் திகதி சொல்ல முடியுமா? அவருக்குப் புட்டு பிடிக்காது என்பது பதினோராம் நாள்தான் தெரிந்தது, அதுவரை மூச்சுவிடாமல் தின்றிருக்கிறார். அவர் பச்சையையும் மண்ணிறத்தையும் பிரித்தறியமாட்டார் என்பது தெரிய நாலு மாதம் எடுத்தது, நல்ல மண்ணிறக் கோட் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பச்சைக் கோட்டை நீட்டியபோது. அவள் அந்தக் கோட்டை ஒன்பது குளிர்காலம் போட்டாள். கணக்காளர் இல்லை என்ற கதையை எடுக்க இரண்டு பேருக்குமே துணிவு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடியில் பனி படிந்திருந்த காலையில், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே அவர், "தரகருக்குப் பொய் சொன்னது நான்தான், உம்மட அப்புவைக் குறை சொல்லாதேயும்" என்றார். அவள், "எனக்கு ஏயர்போட்டிலயே தெரியும்" என்றாள். அப்படியென்றால் ஏன் திரும்பிப் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. திரும்பிப் போக ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். விசாவுக்காகவா அவரைக் கட்டினாய் என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால், இல்லை என்று முழு வாயால் சொல்லியிருப்பாளா? அப்பு அவளை அனுப்பியது உயிர் தப்பட்டும் என்று. மாப்பிள்ளை பிறகு. அதுதானே உண்மை. அந்த உண்மையை அவள் யாருக்கும் சொன்னதில்லை, நித்திக்கும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து பயிற்சி கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. நல்ல மனிதர், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார், திரையில் அடையாளங்களைப் போட்டுக் காட்டினார். ஒருவரைப்பற்றி ஒருவருக்குத் தெரியாது. தொழில் பற்றிய பதில் பிழைக்கும். ஒருவரையொருவர் தொடமாட்டார்கள். குடும்பத்தார் வரமாட்டார்கள். சந்தித்த காலம் குறைவு. பின்வரிசையில் தேநீரோடு இருந்த பவளராணி ஒவ்வொன்றாகத் தன்னோடு ஒத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. தொடுவதா, தாலி கட்டின பிறகும் மூன்று கிழமை நித்தி ஒரு கோப்பையைக் கூட நேரே கையில் தரமாட்டார், மேசையில் வைப்பார். பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். நித்தி இரண்டு கையையும் விலங்குக்கு நீட்டுகிற மாதிரி நீட்டி, "அப்ப பிடிச்சுக் குடும்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அடுத்த நாள் அவள் வேலைக்கு வந்து, அந்த அடையாளங்களை வைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். சிரித்தவளும் கேட்டவளும் ஒரே ஆள்தான்.

கேட்டது மட்டுமா, எழுதவும் செய்தாள். பல தடவை எழுதியிருக்கிறாள், பலதும் நியாயமாகத்தான். காசுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்திய கலியாணங்களை அவள் கண்டிருக்கிறாள், ஒருத்தியின் பின்னால் நின்ற தடியன் அவள் கடவுச்சீட்டை வைத்திருந்தான், அதை எழுதியதற்காக இன்றைக்கும் அவள் வருந்தவில்லை. ஆனால் அந்தக் கானா நாட்டுப் பெடியனும் பிலிப்பைன்ஸ் பெண்பிள்ளையும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் ஒழுங்காக இல்லை, பாதி ஆங்கிலம், மீதி கை. பிறந்த திகதி தெரியாது, தாயின் பெயர் தெரியாது. எழுதினாள். கலியாண நாள் காலையிலேயே அதிகாரிகள் வந்தார்கள், கீழ் மண்டபத்தில், பதிவேட்டைத் திறக்கமுன். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திமிறவில்லை, தன் கோட்டைக் கழற்றி அந்தப் பிள்ளையின் தோளில் போட்டுவிட்டுப் போனான். அதை அவள் படிக்கட்டில் நின்று பார்த்தாள். சரி, நடிப்பு என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏழு மாதம் கழித்து அந்தப் பிள்ளை தள்ளுவண்டியோடு வந்தது, பிறப்புப் பதிய. பதிவாளர்களின் முறைப்படி அந்தப் பதிவு பவளராணிக்குத்தான் வந்தது. அவளை அடையாளம் கண்டதோ இல்லையோ, அந்தப் பிள்ளை ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. குழந்தைக்குத் தகப்பனின் மூக்கு, தகப்பனின் நிறம். கலியாணம் ஆகாத தகப்பன் நேரில் வந்தால்தான் பேர் போடலாம், அவனைக் கானாவுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள், அவன் இருந்தது அக்ராவில். தந்தையின் பெயர் என்ற இடத்தில் பவளராணி தன் கையால் கோடு கீறினாள். நேரான சின்னக் கோடு. அன்று வீட்டுக்குப் போய் நித்திக்குச் சொல்லவில்லை. அடுத்த மாசி மாதம் அவருக்கு நெஞ்சு நோ வந்தது, ஆஸ்பத்திரியில் தாதி படிவத்தோடு வந்து, கணவரின் பிறந்த திகதி என்று கேட்டாள். ஊர் முழுக்கச் சோடிகளைக் கூப்பிட்டு இதைக் கேட்டுக் கேட்டுப் பதிந்தவளுக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. வரவில்லை. தாதி அவளுடைய முழங்கையைப் பிடித்து, பரவாயில்லை, பிறகு சொல்லுங்கள் என்றாள். பிறகு இறப்புச் சான்றிதழில்தான் அதைச் சொன்னாள்.

பதினொன்று நாற்பது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படி ஒப்பிடக்கூடாது என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அது ஏறக்குறைய அப்புவின் குரல். எங்கள் கலியாணம் இரண்டு குடும்பம் பேசிச் செய்தது, சாதகம் பார்த்தது, சனம் சாட்சி. இவர்களுக்கு யார் சாட்சி? அவன் அவளை அக்கா என்கிறான். அண்ணை என்று நான் சொன்னது ஆள் தெரியாமல். இவனுக்கு ஆள் தெரிந்தும் வாயில் அப்படித்தான் வருகிறது. இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை. ஒன்றில்லை என்றால் எழுது. ஒரு வரி போதும், அதைத் தமிழ் தெரியாத எவராலும் எழுத முடியாது, அந்த வரியோடு முடிந்தது. அவள் விசைப்பலகையில் கையை வைத்தாள். எடுத்தாள். வெளியே மெர்லின் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சுவரில் சாய்த்திருந்தாள், பகல் வேலைக்குப் போக இன்னும் நேரம் இருக்குமோ என்னவோ. கஜீபன் இருந்த இடத்திலேயே இருந்தான். நடுவில் அதே வெறும் நாற்காலி.

கதவைத் திறந்து இரண்டு பேரையும் கூப்பிட்டாள். கையெழுத்து வைக்கவேண்டிய இடங்களைக் காட்டினாள், வைத்தார்கள். பிறகு படிவத்தில் இல்லாத ஒன்றை, தமிழில், அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, இவவை நீர் என்னெண்டு கூப்பிடுறனீர்?"

அவனுடைய முகம் காது வரைக்கும் சிவந்தது. மெர்லினைப் பார்த்தான். மெர்லின் நிலத்தைப் பார்த்தாள்.

"அது இன்னும் சரிவரேல்லை, அன்ரி," என்றான். "முதல் எல்லாரையும் போல அக்கா எண்டுதான். இப்பவும் வாய் தவறினா அதுதான் வருது. பேர் சொல்ல வெக்கமாக் கிடக்கு. வேற ஒண்டும் வாயில நிக்குதில்லை. வீட்ட கூப்பிடாமலே கதைக்கிறன்."

"கூப்பிடாமல் எப்பிடிக் கதைக்கிறது?"

"இருமுவார்," என்றாள் மெர்லின். "ஒரு இருமல் இருமிப்போட்டுக் கதையைத் தொடங்குவார். முதல் நான் சளி எண்டு நினைச்சு மருந்து வாங்கிக் குடுத்தனான்."

மூன்று பேரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய இடம் அது இல்லை. ஆனால் அவன் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்க, மெர்லின் அவனுடைய சட்டைக் கையை ஒரு விரலால் தட்டி, சும்மா இரும் என்கிற மாதிரிக் காட்டினாள். பவளராணி அதைக் கண்டாள். பொய்யா உண்மையா என்று பார்க்க அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அவள் அப்படிப் பார்க்கவில்லை, வெறுமனே பார்த்தாள். நீங்கள் போகலாம், கடிதம் வரும் என்றாள். அவர்கள் போனார்கள். முன்னால் அவள், இரண்டடி பின்னால் அவன். கதவு சாத்தியதும் பவளராணி கட்டத்தை ஒருமுறை பார்த்தாள், திரையில் கீழே போய், இல்லை என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று கணினி கேட்டது. ஓம் என்று அதற்கும் அழுத்தினாள். சந்தேகம் போய்விட்டதா? போகவில்லை. அது அவளோடு இருந்தது, இருக்கட்டும், நித்தியோடு முதல் ஐந்து வருடமும் இருந்ததுதானே. பொய் பதிந்தேன் என்று தெரிந்தது.

ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. மேலதிகாரி ஹெலன். கெட்டவள் இல்லை, நித்தியின் செத்த வீட்டுக்கு மழையில் நனைந்துகொண்டு வந்தவள்.

"ராணி, அந்தச் சோடிக்கு நீ சந்தேகம் எழுதவில்லையே?"

"இல்லை."

"திணைக்களத்தில் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லூரிப் பட்டியலில் இருக்கிற பெயர் அது."

"எனக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை."

ஹெலன் மெல்லச் சொன்னாள்: "உன்னிடம் அவர்களைப் போடச் சொன்னதே திணைக்களம்தான், ராணி. நீ அவர்களுடைய மொழி பேசுகிறவள். எங்களுக்குக் கேட்காதது உனக்குக் கேட்கும் என்று. ஒன்றுமே கேட்கவில்லையா?"

பவளராணி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். அப்படியா. பத்தொன்பது வருடத்தில் கந்தோரில் இரண்டு தடவை பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது பயன்படாத தமிழ் இதற்குப் பயன்பட்டதா? அப்பு சொல்லித்தந்த தமிழ், நித்தி காதுக்குள் பகிடிவிட்ட தமிழ், அதையா காதில் பூட்டி என்னைக் கதவடியில் நிறுத்திவைத்தார்கள்?

"தண்ணீர் வேண்டுமா என்று அவன் கேட்டான்," என்றாள். "வேண்டாம் என்றாள் அவள். நான் கேட்டது அதுதான்."

"இதை எழுத்தில் கேட்பார்கள்."

"எழுதித் தருகிறேன்."

"உனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது," என்றாள் ஹெலன், பயமுறுத்துகிற குரலில் இல்லை, கவலைப்படுகிற குரலில். பவளராணி நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பயம் இருந்தது. சிறியது, பழக்கமானது. ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது, அது என்னவென்று பிடிபடச் சற்று நேரம் எடுத்தது. பொறாமை. அந்த இருமல் மேல் பொறாமை. நித்தியைப் பற்றி அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். எந்தப் பக்கம் சரிந்து படுப்பார், எந்தச் செய்தி கேட்டால் தொலைக்காட்சியை நிறுத்துவார், பொய் சொல்லும்போது எந்தப் புருவம் ஏறும், யார் எந்தத் திணைக்களத்திலிருந்து வந்து கேட்டாலும் ஒன்று விடாமல் சொல்லுவாள், பிறந்த திகதி உட்பட. இனி அவரைப் பற்றிப் புதிதாகத் தெரியவருவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக அவள் ஏங்கியது அந்த முப்பத்திரண்டு வருடத்துக்கு என்றுதான் நினைத்திருந்தாள். அதற்கில்லை. முதல் ஆறு மாதத்துக்கு. கடைக்கு மேல் அந்த அறையில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் படியேறி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்கு இவரைப் பற்றி என்ன தெரியவரப்போகிறது என்று கதவின் பின்னால் நின்ற அந்த இருபத்திரண்டு வயதுப் பெட்டை, எவ்வளவு செல்வத்தோடு நின்றிருக்கிறாள், அது தெரியாமல் நின்றிருக்கிறாள்.

கண்ணாடிக்கு வெளியே பன்னிரண்டு மணிச் சோடி வந்து உட்கார்ந்துவிட்டது. கேள்வி தொடங்கமுன் கிடைக்கிற நேரம் அவர்களுக்கு இருக்கட்டும் என்று, பவளராணி அவர்களை ஐந்து நிமிடம் காக்கவைத்தாள்.